தட்டுனேன் சார், பதில் வந்துச்சு

அந்தப் புஸ்தகத்த பைக்குள்ள வச்சிக்கங்க சார், ஜன்னல் காத்துக்கு அட்டை பிஞ்சிரும். கொரியப் பாசைதானே? எழுத்தப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு, வட்டமும் கோடுமா. யாருக்கு, மகனுக்கா? மகளுக்கா! நாடகம் பாத்துட்டு படிச்சே தீருவேன்னு நிக்கிதாக்கும். எல்லா வீட்லயும் இப்ப இதான். படிக்கட்டும், நல்லதுதான். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. எழுத்து சீக்கிரம் வந்துரும். பேச்சும் வந்துரும். அதுல மரியாதைன்னு ஒண்ணு வச்சிருக்கானுவ பாருங்க, அது லேசுல வராது. வந்தாலும் நமக்கு ஒத்துக்காது.

நான் அங்க இருந்துட்டு வந்தவன்தான் சார். வெல்டர். தெக்குக் கடலோரத்துல கப்பல் கட்டுற எடம், அதுக்குள்ள ஒரு சின்ன காண்ட்ராக்ட் கம்பெனி. திரும்பி வந்து வருசம் ஒண்ணு ஆகப்போவுது. இல்ல சார், லீவு இல்ல. வந்துட்டேன், அவ்வளவுதான்.

நீங்க அறந்தாங்கியா? அறந்தாங்கில எங்கிட்டு? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடின்னா, எந்தத் தெரு? ஓ, வாடகை வீடா. அப்ப சொந்த ஊரு? மதுரைப் பக்கமா. மதுரைப் பக்கம்னா எத்தனையோ பக்கம் இருக்கே. சரி சரி, விடுங்க, ஒரு பழக்கத்துல கேட்டேன்.

அந்த ஊர்க்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் சார். ஆளப் பாத்ததும் எந்த வருசம் பொறந்தேன்னு கேப்பான். பேரு கூட அப்பறம்தான். நமக்கு ஒரு மாதிரி இருக்கும், என்னடா முன்ன பின்ன தெரியாதவன்கிட்ட இப்புடி நோண்டுறானேன்னு. ஆனா அவனுக்கு அது தெரியலன்னா வாயே தொறக்க முடியாது. நம்ம பாசையில நீ, நீங்க, அதோட முடிஞ்சு போச்சு. அவனுக்கு படிப்படியா இருக்கு. சாப்பிடச் சொல்லணும்னு வைங்க. சின்னவனுக்குன்னா 'மொகோ'ம்பான். கொஞ்சம் மரியாதைன்னா 'மொகோயோ'. பெரியவருக்குன்னா வார்த்தையே மாறிரும், 'துசெயோ'ம்பான். எந்த வால ஒட்டுறதுன்னு தெரியாம ஒரு வாக்கியத்தக் கூட முடிக்க முடியாது. வயசு கேட்டு, மூப்பு எளமை பாத்து, ஒரு வயசு கூடன்னாலும் அவன் அண்ணன், நீ தம்பி. அண்ணனுக்கு 'ஹ்யோங்'ம்பான், இன்னும் மரியாதையாச் சொல்லணும்னா 'ஹ்யோங்நிம்'. கூடப் பொறக்கணும்னு இல்ல, வேலையில பக்கத்துல நின்னாலே போதும்.

கேக்க நல்லாத்தான் இருக்கும். மூத்தவனுக்கு மரியாதை குடுன்னா யாரு வேணாம்னு சொல்றா? ஆனா மூத்தவன் யாருன்னு பாக்கணும்ல சார்.

எங்க ஊரு ஆளு ஒருத்தன் எனக்கு முன்னாடியே அந்தக் கம்பெனியில இருந்தான். அடைக்கலம்னு பேரு. எங்க ஊருன்னா எங்க ஊருதான், தெரு வேற. வாய்க்காலுக்கு அந்தாண்ட. புரியுதுல்ல? எனக்கு அதெல்லாம் கெடையாது, நான் சாதி பாக்குறவன் இல்ல. ஒரே ரூம்ல தங்குனோம். அவன் வடிச்ச சோத்தத்தான் தின்னேன், எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே விட்டுருக்காது. நான் பாத்தேனா? பாக்கல. ஆனா எல்லாத்துக்கும் ஒரு மொறை இருக்குல்ல சார்.

அவன் என்னைய விட வயசுல மூப்பு. ஊர்ல நான் அவன 'டேய் அடைக்கலம்'னுதான் கூப்பிடுவேன், டவுசர் போட்ட காலத்துலேருந்து. எங்கப்பா அவங்கப்பன எப்புடிக் கூப்பிட்டாரோ அப்புடி. அவன் என்னைய 'வாங்க, போங்க'ம்பான். யாரும் ஒக்கார வச்சு சொல்லிக் குடுத்தது இல்ல. எனக்கும் மனசுல கள்ளம் கெடையாது, அவனுக்கும் அதுல வருத்தம் கெடையாது. அவனையே கேட்டுப் பாருங்க. இப்ப எங்க கேக்குறது, ஆளு போயிட்டான்.

ஆமா சார், செத்துட்டான். அங்கயே.

அதத்தான் சொல்ல வந்தேன். அவன் பொண்டாட்டி கஸ்தூரின்னு ஒண்ணு இருக்கு. அது என்னைய எங்க பாத்தாலும் ஒரே கேள்விதான். ரேசன் கடையில பாத்தாலும் அதான், ஆஸ்பத்திரியில பாத்தாலும் அதான். சண்டை போடாது, அழுவாது. 'கூப்பிட்டீங்களா?' அது ஒண்ணுதான். பதில் சொல்ற வரைக்கும் பாத்துக்கிட்டே நிக்கும். மனுசன் எப்புடி சார் ஊர்ல நடமாடுறது? நீங்க வெளியாளு, படிச்சவரு. நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க, எம்மேல என்ன தப்புன்னு.

நான் அந்த வேலைக்குப் போனது அவனாலதான்னு ஊர்ல பேசிக்கிறாங்க. அவன் பன்ஜாங்கிட்ட எம்பேரச் சொன்னது வாஸ்தவம்தான். பன்ஜாங்னா நம்ம மேஸ்திரி மாதிரி. குவோன்னு பேரு அந்தாளுக்கு, கட்டையா, கழுத்தே இல்லாம இருப்பான். 'ஒங்க ஊர்ல நல்ல கை இருந்தா சொல்லு'ன்னு கேட்டுருக்கான், இவன் எம்பேரச் சொல்லிருக்கான். சொன்னா ஆச்சா? டெஸ்டுல யாரு வெல்டு வச்சது? நான்தானே வச்சேன்.

போன மொத நாளே ஆரம்பிச்சுது. பன்ஜாங் ரெண்டு பேரையும் நிக்க வச்சு வருசத்தக் கேட்டான். அடைக்கலம் சொன்னான், நான் சொன்னேன். அந்தாளு கையத் தட்டி, 'அப்ப இவன் ஒனக்கு ஹ்யோங். வயசுலயும் மூத்தவன், இங்க வந்ததுலயும் மூத்தவன். ஹ்யோங்நிம்னு கூப்பிடு, பாப்போம்'ங்கறான். சுத்தி வியட்நாம்காரனுவ நிக்கிறானுவ. எனக்கு வாய் வரல. அடைக்கலத்துக்கே மூஞ்சி செத்துப் போச்சு. தமிழ்ல மெதுவா, 'சும்மா சொல்லிருங்க, இவனுகளுக்கு அதான் வணக்கம் மாதிரி. ரூமுக்குப் போனா நம்ம நம்மதான்'ன்னான். அவனே சொல்றான் பாருங்க, நம்ம நம்மதான்னு. அவனுக்கும் மொறை தெரியும். சொன்னேன். ஒரு தடவ சொன்னேன்.

அதுக்கப்புறம் சொல்லாம இருக்க என்னென்ன வழியோ அத்தனையும் பண்ணேன். கூப்பிடணும்னா கிட்டக்கப் போயி தோளத் தொடுவேன். இருமுவேன். பேசணும்னா வால விட்டுட்டு வெறும் பொருளச் சொல்லுவேன். தண்ணி. சுத்தி. கையுறை. பன்ஜாங், 'நீ என்ன பால்குடியா, பேச்சு வரலியா?'ம்பான். சிரிச்சுக்குவேன். ஆனா அடைக்கலம் எங்கிட்ட கொரியன்ல பேசும்போது என்ன பேசுவாங்கறீங்க? தம்பிகிட்ட பேசுற மாதிரித்தான். மொகோ. வா. போ. குந்து. அப்புடித்தான் பேசணும், இல்லன்னா பன்ஜாங் கேப்பான், 'தம்பிக்கு என்னடா இவ்வளவு மரியாதை'ன்னு. எனக்குத் தெரியும் அது. தெரிஞ்சாலும், அவன் வாயிலேருந்து 'வா'ன்னு வரும்போது காதுக்குள்ள எறும்பு போன மாதிரி இருக்கும். இதுல கொடுமை என்னன்னா, சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் 'சாப்பிடுறீங்களா? வீட்டுக்குப் பேசுனீங்களா?'ம்பான். பகல்ல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எவ்வளவு நடிப்பு பாருங்க.

டீக்கு நிப்பாட்டுவான் இப்ப, எறங்குறீங்களா? வேணாமா. எனக்கும் வேணாம்.

கப்பல முழுசா ஒரேடியா கட்ட மாட்டான் சார். துண்டு துண்டா கட்டி ஒட்டுவான். ஒவ்வொரு துண்டும் ஒரு வீடு ஒசரம் இருக்கும். அதுக்குள்ள தொட்டி தொட்டியா அறை. மேல ஆளு எறங்குற அளவுக்கு ஒரு ஓட்டை, ஏணில எறங்கணும், உள்ள கும்மிருட்டு. அதுக்குள்ள குழாய் வெல்டிங். அந்த வேலைக்கு ஆர்கான்னு ஒரு கேஸ் விடுவாங்க. நாத்தம் கெடையாது, நெறம் கெடையாது. காத்த விட கனம், கீழ போயி தேங்கிக்கிரும். தேங்கிருச்சுன்னா உள்ள இருக்கறவனுக்கு மூச்சு முட்டுறதே தெரியாது, தூக்கம் வந்த மாதிரி சாஞ்சிருவான். அதனால மேலேருந்து குழாய் வச்சு காத்து அடிச்சுக்கிட்டே இருக்கணும், ஓட்டைக்கிட்ட ஒருத்தன் காவலுக்கு நிக்கணும். அவனுக்கு வேற வேலை கெடையாது. அடிக்கடி உள்ள இருக்கறவனக் கூப்பிடணும். பதில் வரணும். வரலன்னா விசில ஊதணும்.

ரேடியோ இருக்கே, போன் இருக்கேன்னு கேப்பீங்க. இரும்புக்குள்ள ஒண்ணும் எடுக்காது. தொண்டைதான்.

இந்தக் குவோன் ஜோடி போடுறதுல ஒரு மொறை வச்சிருந்தான். அண்ணன உள்ள விடுவான், தம்பிய மேல நிறுத்துவான். 'அண்ணன் உள்ள இருந்தா தம்பிக்குக் கண்ணு அங்கிட்டு இங்கிட்டு போகாது'ம்பான். எங்க ரெண்டு பேரையும் அப்புடித்தான் போட்டான். ஒரே ஊரு, ஒரே பாசை, அண்ணன் தம்பின்னு அந்தாளு நெனப்பு. கூப்பிடுறதும் சத்தமா ஹ்யோங்நிம்னுதான் கூப்பிடணும். அந்தச் சத்தத்துக்கு அங்க எல்லாரும் திரும்புவாங்களாம். அது காவல்காரன் சத்தம்னு எல்லாருக்கும் தெரியுமாம்.

கூப்பிட்டேன் சார். ஆரம்பத்துல கூப்பிட்டேன். யாரு கூப்பிடலன்னா? ஓட்டையில தலைய விட்டு 'ஹ்யோங்நிம்'னு கத்துவேன். உள்ளேருந்து 'ஓ'ன்னு ஒரு சத்தம் வரும். அண்ணன் தம்பிக்குக் குடுக்குற பதில் அது, வெறும் 'ஓ'. இரும்புக்குள்ள அது முட்டி மோதிப் பெருசாகி வரும். நாள் முழுக்க நான் ஹ்யோங்நிம் ஹ்யோங்நிம்னு கத்த, அவன் அடியில ஒக்காந்துக்கிட்டு ஓ, ஓ. வியட்நாம்காரனுவ சிரிச்சானுவ. எதுக்குச் சிரிச்சானுவன்னு எனக்குத் தெரியாதா? அவனுவளும் அவனுவ ஜோடிய அப்புடித்தான் கூப்பிட்டானுவ, அது வேற விசயம். அவனுவளுக்கு அதுல என்ன இருக்கு.

அதையும் பொறுத்துக்கிட்டேன். அந்த விருந்து மட்டும் நடக்கலன்னா ஒண்ணுமே ஆயிருக்காது.

ஒரு கப்பல் முடிஞ்சுதுன்னு பன்ஜாங் எல்லாரையும் கறி சுடுற கடைக்குக் கூட்டிட்டுப் போனான். அங்க ஒரு சம்பிரதாயம், தனக்குத் தானே ஊத்திக்கக் கூடாது. சின்னவன் பெரியவனுக்கு ரெண்டு கையால ஊத்தணும். பெரியவன் குடுத்தா ரெண்டு கையால வாங்கி, மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டுக் குடிக்கணும். பன்ஜாங் என்னையப் பாத்து, 'ஹ்யோங்நிம் கிளாஸ் காலியா இருக்கு, கண்ணு தெரியலியா?'ங்கறான். அடைக்கலம் தமிழ்ல, 'வேணாம்ங்க, பாட்டில சும்மா சாய்ச்ச மாதிரி காட்டுங்க, நான் ஊத்திக்கிறேன்'ன்னான். நல்லவன்தான் சார், அவன நான் குத்தம் சொல்லல. ஆனா பன்ஜாங் பாத்துக்கிட்டே இருக்கான். ரெண்டு கையால ஊத்துனேன். எந்திரிச்சு நின்னு, குனிஞ்சு, ஊத்துனேன்.

அதோட விட்டுருக்கலாம் அவன். கொஞ்சம் ஏறிருச்சு போல. கண்ணு கலங்கிருச்சு. எந்தோள்ல கையப் போட்டு, தமிழ்லயே, 'நீ நல்லாருப்ப தம்பி'ன்னான்.

கொரியன்ல சொல்லல சார். தமிழ்ல சொன்னான். நீ. தம்பி. ரூமுக்குப் போனா நம்ம நம்மதான்னு சொன்ன அதே வாயி. எங்கப்பா மட்டும் அங்க இருந்திருந்தா... சரி, அத விடுங்க.

ஒரு வியட்நாம் பய நான் ஊத்துறத போட்டோ எடுத்து பேஸ்புக்குல போட்டுட்டான். அடைக்கலத்தையும் டேக் பண்ணிருந்தான், அவங்க தெருப் பசங்க பாத்துட்டானுவ. அந்தப் படம் ஒண்ணு போதாதா? ஊரெல்லாம் சுத்திருச்சு. எங்க பெரியப்பா போன் பண்றாரு. 'என்னப்பா, அங்க போயி யாருக்கோ குனிஞ்சு ஊத்திக் குடுக்குறியாமே? இங்க கோயில் காப்புக்கட்டுக்கு ஒன் அப்பன் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு முன்னாடி நிப்பான்?'ங்கறாரு. அந்த ஊருப் பழக்கம் பெரியப்பான்னேன். 'அந்த ஊர்ல பழகிட்டு இந்த ஊருக்கு வந்துராத'ன்னு போன வச்சிட்டாரு. எங்கப்பா எங்கிட்ட பேசவே இல்ல. அம்மா போன எடுத்தாலும் பின்னாடி டிவி சத்தம்தான் கேக்கும், அவரு அங்கதான் ஒக்காந்திருப்பாரு. எங்கப்பா எங்கிட்ட பேசாம இருந்ததே இல்ல சார். அன்னிக்கு நான் அழுதேன், வெக்கத்த விட்டுச் சொல்றேன்.

அதுக்கப்புறம் எனக்கு அந்த வார்த்தை வாயில வரல. வரலன்னா வரல. அடைக்கலத்தோட சண்டை எல்லாம் போடல. பேச்சக் கொறச்சுக்கிட்டேன், அவ்வளவுதான். அவனுக்குப் புரிஞ்சிருச்சு. மறுநாளே வாங்க போங்கன்னு வந்துட்டான், 'போதையில ஏதோ ஒளறிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க'ன்னான்.

காவலுக்கு நிக்கும்போது கூப்பிடுறதுக்குப் பதிலா தட்ட ஆரம்பிச்சேன். சின்ன சுத்தி ஒண்ணு வச்சிருப்போம், வெல்டு மேல படிஞ்ச கசடத் தட்டுறதுக்கு. அதால ஓட்டை வெளிம்புல டொக் டொக்குனு ரெண்டு தட்டு. அவன் உள்ளேருந்து ரெண்டு தட்டுத் தட்டணும். என்ன தப்பு? சத்தம் சத்தம்தானே? தொண்டை வறளாது, நல்ல யோசனைதான்.

மொதல்ல அவன் ஒத்துக்கல. மேல ஏறி வந்து, 'கூப்பிட்டுருங்க. பேரச் சொல்லியே கூப்பிடுங்க, டேய்ன்னே கூப்பிடுங்க, நான் பன்ஜாங்கிட்ட சொல்லிக்கிறேன். தட்டுனா எனக்கு வெளங்கல, சுத்தி எல்லாப் பயலும் தட்டிக்கிட்டுத்தான இருக்கான்'ன்னான். டேய்னு கூப்பிட்டா பன்ஜாங் என்னையல்ல காய்ச்சுவான்? 'நான் தட்டுறது ஒனக்குத் தெரியும், தட்டு'ன்னேன். எதுத்துப் பேசி அவனுக்குப் பழக்கம் கெடையாது. 'சரிங்க'ன்னுட்டு எறங்கிட்டான். அவனும் சம்மதிச்சதுதானே சார் அது? இதக் கஸ்தூரிகிட்ட சொன்னா அதுக்கு ஏறவே மாட்டேங்குது.

ரொம்ப நாள் அப்புடியே ஓடிச்சு. ஒண்ணும் ஆவல. பன்ஜாங் வர்றது தெரிஞ்சா மட்டும் வாய அசைப்பேன். நான் தட்டுவேன், அவன் தட்டுவான்.

அன்னிக்கும் அப்புடித்தான். மத்தியானச் சாப்பாடு முடிச்சுட்டு எறங்குனான். நல்ல வெயிலு. காத்துக்குழாய் மேல பாத்தா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, உள்ள போயி எங்கயோ ஏணிக்கடியில மடங்கிக் கெடந்திருக்கு. அது மேலேருந்து பாத்தா எப்புடித் தெரியும்? நான் தட்டுனேன். டொக் டொக். உள்ளேருந்து டொக் டொக். திரும்பத் தட்டுனேன். பதில் வந்துச்சு. சாமி சத்தியமா வந்துச்சு சார். எங்காதால கேட்டேன். பக்கத்துத் தொட்டியில யாரோ கசடு தட்டிக்கிட்டு இருந்தானாம், அதுதான் எனக்குக் கேட்டுச்சுன்னு அப்பறம் சொன்னாங்க. இருக்கலாம். இரும்புதானே, இங்க தட்டுனா அங்க கேக்கும். ஆனா அந்த நேரத்துல எனக்கு அது பதிலுதான். பதில் வந்தப்பறம் நான் எதுக்கு விசில் ஊதணும்?

பன்ஜாங் அந்தப் பக்கமா வந்தான். நின்னான். 'ஒஞ்சத்தத்தக் காணோமே, ஏன் கூப்பிடல?'ன்னான். இப்பத்தான் பதில் வந்துச்சுன்னேன். அந்தாளு என்னையத் தள்ளிவிட்டுட்டு ஓட்டைக்குள்ள தலைய விட்டுக் கத்துனான். ஒண்ணும் வரல. விசிலப் புடுங்கி ஊதுனான்.

அப்பக் கூப்பிட்டேன் சார். ஓட்டை வெளிம்பப் புடிச்சிக்கிட்டு ஹ்யோங்நிம், ஹ்யோங்நிம்னு தொண்டை கிழியக் கத்துனேன். அங்கிட்டு இருந்த அத்தனை பேரும் வேலையப் போட்டுட்டுத் திரும்புனாங்க. அத்தனை பேருக்கு முன்னாடியும் கத்துனேன். அது கூப்பிட்டதுல சேராதா? அதக் கேக்க மாட்டேங்குது கஸ்தூரி. 'அதுக்கு முன்னாடி கூப்பிட்டீங்களா'ங்குது.

மொகமூடி போட்ட ஆளுங்க வந்து கயித்தக் கட்டித் தூக்குனாங்க. சுத்தி அவன் கையிலயே இருந்துச்சு. எப்பச் சாஞ்சானோ தெரியாது. மூஞ்சியில ஒண்ணுமே இல்ல, தூங்குற மாதிரி.

விசாரணை வந்துச்சு. மடங்குன குழாயத்தான் எழுதுனாங்க. பன்ஜாங்க வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க, பாவம் அந்தாளு. எம்பேர்ல ஒரு வரி கெடையாது. சட்டப்படி நான் சுத்தம். வியட்நாம்காரனுவ மட்டும் சாப்பாட்டு மேசையில நான் ஒக்காந்தா எந்திரிச்சுப் போயிருவானுவ. போகட்டும்.

இதெல்லாத்தையும் விட எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, சாவு வீடு. விசாரணை முடிஞ்சப்பறம்தான் ஒடம்பக் குடுத்தாங்க. அங்க அதுக்குன்னு ஆஸ்பத்திரியோட ஒரு மண்டபம் இருக்கு. படத்த வச்சு பூவா அடுக்கிருவாங்க. படத்துக்குப் பக்கத்துல செத்தவனோட ரத்த சொந்தம் நிக்கணும், கறுப்புக் கோட்டு, கையில ஒரு பட்டை கட்டிக்கிட்டு. அங்க அவனுக்கு யாரு இருக்கா? வேலையில்லாத அந்தப் பன்ஜாங் வந்தான். கண்ணெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. நேரா எங்கிட்ட வந்து, 'தம்பி நீதானே, நீதான் நிக்கணும்'னு அந்தப் பட்டைய எடுத்து எங்கையில கட்டி விட்டுட்டான். திட்டுவான்னு நெனச்சேன். திட்டல. கட்டிவிட்டு என்னையப் புடிச்சிக்கிட்டு அழுதான்.

கழட்ட முடியுமா சார்? அத்தனை பேரு பாக்குறாங்க. நின்னேன். ஒவ்வொருத்தனா வந்தான், படத்துக்கு விழுந்து கும்பிட்டான், அப்பறம் எம்பக்கம் திரும்பி என்னையக் கும்பிட்டான். பதிலுக்கு நானும் விழுந்து கும்பிடணும். அடைக்கலத்துக்குத் தம்பியா நின்னு, வந்தவன் போனவனுக்கெல்லாம் தரையில நெத்திய வச்சேன். எங்கப்பாவுக்கு இது இன்னி வரைக்கும் தெரியாது. போட்டோ எடுக்காதீங்கன்னு கை எடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன். நீங்களும் யாருகிட்டயும் சொல்லிறாதீங்க.

பெட்டிய ஊருக்குக் கொண்டுவர என்னையத்தான் கூட அனுப்புனாங்க. மெட்ராஸ்லேருந்து ஆம்புலன்ஸ். ஊருக்குள்ள நொழையும்போது மெயின் ரோட்லயே எறங்கிக்கலாம்னு பாத்தேன். எங்க பெரியப்பா, பங்காளிங்க எல்லாம் டீக்கடைக்கிட்ட நிக்கிறாங்க, என்னையப் பாக்கத்தான். ஆனா டிரைவரு வெளியூர்க்காரன், நிப்பாட்டாம வாய்க்காலத் தாண்டி அவங்க தெருவுக்குள்ளயே கொண்டுபோயி நிறுத்திட்டான். எங்க ஆளுங்களும் பின்னாடியே வந்து தெரு மொனையில நின்னுக்கிட்டாங்க. நான் எறங்குறேன். ஒரே அழுகைச் சத்தம்.

அந்தக் கூட்டத்துக்குள்ளேருந்து ஒரு பொம்பளப் புள்ள ஓடியாருது. ஒண்ணாப்பு படிக்கிற வயசு இருக்கும். அடைக்கலத்து மக. நேரா வந்து எங்காலக் கட்டிக்கிட்டு, 'சித்தப்பா'ன்னுச்சு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அவன் போன்ல சொல்லி வச்சிருக்கான் சார், 'அப்பாவுக்கு இங்க பயமில்ல, சித்தப்பா மேல நின்னு பாத்துக்கிறாரு'ன்னு. தெனமும் சொல்லிருக்கான். கஸ்தூரி அப்பறம் சொல்லிச்சு. அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? அது கால விடல. தெரு மொனையில பெரியப்பா நிக்கிறாரு. பங்காளிங்க அத்தனை பேரும் நிக்கிறாங்க. எங்கப்பாவும் வந்திருக்காரு, இத்தன மாசத்துக்கப்புறம் அப்பத்தான் அவரு மொகத்தப் பாக்குறேன்.

நான் அதட்டல சார். அதட்டுனேன்னு சொல்றாங்க, அது பொய்யி. செத்த வீட்ல பச்சப் புள்ளைய யாராச்சும் அதட்டுவாங்களா? மெதுவா கைய எடுத்துவிட்டேன். குனிஞ்சு, 'சித்தப்பான்னு சொல்லக் கூடாதும்மா, ஐயான்னு கூப்பிடணும்'னு சொன்னேன். சின்னதுலயே சொல்லிக் குடுத்துட்டா நல்லதுதானே? நாளைக்கு வேற யாராச்சும் வேற மாதிரி சொல்லிக் குடுத்தா அதுக்குத்தானே கஷ்டம்.

அது என்னைய நிமிந்து பாத்துச்சு. மூக்கத் தொடச்சுக்கிச்சு. ரெண்டடி தள்ளி நின்னு கையக் கட்டிக்கிச்சு. 'ஐயா, எங்கப்பா எங்கங்கய்யா?'ன்னு கேட்டுச்சு.

நல்ல புள்ள சார். ஒரு தடவ சொன்னதுக்கே புடிச்சுக்கிச்சு.